அடுத்த வீட்டுக் குசினியில் சுட்ட நத்தார் பிஸ்கட்

1

இந்த நத்தாருக்கு, பாலன் பிறந்த நாளுக்கு, எங்கள் வீட்டில் நான் ஒரு பிஸ்கட்கூடச் சுடவில்லை என்ற கதை ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியின் குசினியில் போய் நின்று தட்டுத் தட்டாகச் சுட்டேன் என்ற கதையும் அதன் பின்னாலேயே வந்திருக்கும். லண்டனிலிருந்து திருகோணமலைக்குக் கடிதம் ஆறுதலாக, மெல்லத்தான் போகும். கதைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இரண்டு கதையும் உண்மை. ஆனால் சொல்கிறவர்கள் நடுவில் உள்ளதை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். ஆகவே நானே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். செபப் புத்தகம் வாசிப்பேன். என்னை அவசரப்படுத்தாவிட்டால் எழுதவும் செய்வேன். இங்கே எல்லாருக்கும் ஓடிப் பிடிக்க ஒரு ரயில் இருக்கிறது. எனக்கு இல்லை.

இவர் போன சித்திரையில் கண்ணை மூடியது உங்களுக்குத் தெரியும். கோயிலில் துக்க மணி அடித்துப் பூசையும் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். இங்கே மணி அடிக்கவில்லை. இங்கே சாவைப் பதிய ஒரு கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த பெண்பிள்ளை நல்ல பிள்ளை, கடைசிவரை சிரித்த முகம் மாறவில்லை. செத்துப்போனவர் உங்கள் கணவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று சிரித்துக்கொண்டே கேட்டது. இவருடைய கிறீஸ் பிடித்த சட்டைகளை எத்தனை வருடம் தோய்த்திருக்கிறேன் என்று மகனிடம் சொன்னேன். மகன் அதை மொழிபெயர்க்கவில்லை. பங்குச் சுவாமி எழுதித் தந்த கலியாணத் துண்டைக் கொடுத்தோம். அது லத்தீனில் இருந்தது. உங்கள் கலியாணத்தை இங்கிலீசுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பித் தந்தது.

மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் நான் சட்டப்படி விதவையானேன்.

2

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரச் சட்டி ஏறாது. உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே வளர்கிற பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்று மகன் சொல்வதால் எழுதுகிறேன். வாசிக்க மாட்டார்கள்.

அந்த வருடம் நத்தாருக்கு அந்த வீட்டில் மா பிசைவதில்லை, எண்ணெய் கொதிப்பதில்லை. அதற்காக அந்த வீடு வெறும் வாயோடு இருப்பதும் இல்லை. அயலட்டைச் சனம் பலகாரத் தட்டுக் கொண்டுவரும். தட்டை மூடியிருக்கிற துணியைப் பார்த்தே எந்த வீட்டுத் தட்டென்று சொல்லிவிடுவோம். எத்தனை வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் எண்ணுவோம். செத்த மனிதர் அந்தத் தெருவில் ஒருவராக இருந்தாரா, சும்மா குடியிருந்தாரா என்பதற்கு அந்தத் தட்டுகள்தான் சாட்சி.

ஒருமுறை சுவாமி பிரசங்கத்தில், வேதத்தில் இப்படியொரு கட்டளை இல்லை, பாலன் பிறந்த சந்தோசத்தை ஒரு வீடும் தள்ளி வைக்கக்கூடாது என்று சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். சட்டியை ஏற்றவில்லை. அந்தச் சுவாமியின் தாய் இறந்த வருடம் அவருக்கும் தட்டுக் கொண்டுபோனோம். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

3

நான் சீனி பிஸ்கட் பழகியது கப்பல்காரரால். சுதந்திரம் கிடைத்து, கொடி மாறி, அதற்குப் பிறகும் சில வருடம் வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள் எங்கள் துறைமுகத்தை விட்டுப் போக மனமில்லாமல் நின்றன அல்லவா, அந்தக் காலம். இவருக்குக் கப்பற்பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை. ஒரு நத்தாருக்குக் கப்பற் சமையற்காரன் ஒருவன் இவருக்கு ஒரு தகரப் பேணி நிறையப் பிஸ்கட் கொடுத்துவிட்டான். நட்சத்திரமும் மணியுமாக வெட்டி, மேலே வெள்ளையும் சிவப்பும் பூசியிருந்தது. இவர் ஒன்றைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இஞ்சேரும், இப்பிடிச் செய்வீரோ?”

“இதென்ன பெரிய வித்தையே?” என்றேன்.

பெரிய வித்தைதான். கப்பற்காரனின் நாட்டில் பட்டர் கல்லாக இருக்கும். எங்கள் ஊரில் பேணியைத் திறந்தவுடன் எண்ணெய். மா கையில் பிசின் போல ஒட்டியது. கடைசியில் பிசைந்த மாவைத் துணியில் கட்டி, வாளியில் வைத்து, கிணற்றுக்குள் தண்ணீருக்குச் சற்று மேலே தொங்கவிட்டேன். அரை நாள் தொங்கியது. அதற்குள் யாரும் தண்ணீர் அள்ளக்கூடாது. இவருடைய தாய், எங்கள் மாமி, குளிக்காமல் இருந்துகொண்டு, “பிஸ்கட் எண்டொரு சாமான் வந்து எங்களை ஊத்தையாக்கிப் போட்டுது” என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார்.

பேக்கரியில் இருக்கிற மாதிரிப் போறணை கிடையாது. பெரிய தாச்சியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியில் தணலைக் கொட்டினேன். மேலும் நெருப்பு, கீழும் நெருப்பு. இவர் பட்டறையில் கழித்த தகரத்தை வளைத்து அச்சுச் செய்து தந்தார். நட்சத்திரம், மணி, அதோடு நங்கூரம். நங்கூரத்தை யாரும் கேட்கவில்லை. பட்டறைக்காரருக்கு நங்கூரம் இல்லாமல் நத்தார் வராது போலும். சுடும்போது அதன் கழுத்துத்தான் முதலில் உடையும்.

பூச்சுக்குச் சீனியை அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துண்டில் அரித்து, முட்டை வெள்ளையும் தேசிக்காய்ப் புளியும் விட்டு அடிப்பேன். சிவப்புக்குப் பீற்றூட் சாறு, பச்சைக்கு ரம்பை இலைச் சாறு. எண்ணெய்க் கடதாசியைச் சுருட்டி, நுனியை வெட்டி, அதால் கோடு இழுப்பேன். காயும்வரை மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் நத்தார் எறும்புக்குத்தான்.

இப்படி நாலைந்து வருடத்தில் துறைமுகப் பக்கத்தில் சீனி பிஸ்கட் என்றால் நான் என்று ஆகிவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

அடுத்த வளவு பிலோமினா அக்காவுக்கு அச்சுப் பலகாரம். அவரும் தன் கைப்பக்குவத்தை உயர்த்தித்தான் கதைப்பார். “உன்ர பிஸ்கட் வடிவுதான் றோசம்மா, பல்லுள்ள ஆக்களுக்கு” என்பார்.

ஒரு வருடம் ஆனியில் எங்கள் மாமி போனார். ஆவணியில் பிலோமினா அக்காவின் தகப்பன். இரண்டு வளவிலும் சட்டி ஏறாது. மற்ற வீடுகள் தட்டுக் கொண்டுவந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அவரும் அவருக்கு நானும் தட்டுக் கொடுக்காமல் ஒரு நத்தார் போவதா? சுட்டால்தானே கொடுக்கலாம். வேலியடியில் நின்று கதைத்தோம்.

“என்ர வீட்டில என்ர வாய்க்குச் சுட ஏலாது,” என்றார் பிலோமினா அக்கா. “உன்ர வீட்டில நான் உன்ர வாய்க்குச் சுட்டா?”

“என்ர வீடு தீட்டில்லை அக்கா. நான் என்ர வாய்க்குச் சுடுறதுதான் தீட்டு.”

“அப்ப நீ என்ர குசினியில எனக்குச் சுடு. நான் உன்ர குசினியில உனக்குச் சுடுறன். ஒருத்தரும் தன்ர வீட்டில சுடேல்லை, ஒருத்தரும் தனக்குச் சுடேல்லை.”

“சுவாமி கேட்டா?”

“சுவாமிதானே கட்டளை இல்லை எண்டவர். இல்லாத கட்டளைக்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடிச்சா அவருக்கென்ன?”

அப்படியே செய்தோம். ஒரே ஒரு விசயத்தை யோசிக்கவில்லை. நான் அவர் வீட்டுக்குப் பிஸ்கட் சுட்டேன். அவர் எங்கள் வீட்டுக்கு அச்சுப் பலகாரம் சுட்டார். பட்டறையால் வந்த இவர் மூடித் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன இது?”

“பிலோமினாக்கா சுட்டது.”

“நான் செய்துதந்த அச்செங்க?”

“அவவின்ர குசினியில.”

“பிஸ்கட்?”

“அவவின்ர வயித்தில.”

அதன் பிறகு அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை. பலகாரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

4

இங்கே வீட்டுக்குள்ளேயே போறணை இருக்கிறது. பட்டர் கல்லாக இருக்கிறது. கிணற்றுக்கு வேலையில்லை, குளிர்ப்பெட்டி இருக்கிறது. எறும்புகூட இல்லை. இவ்வளவு வசதியும் இருக்கிற வீட்டில் இந்த வருடம் எனக்குச் சுட ஏலாது என்று ஆகிவிட்டது.

மருமகள் றெஜினா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். மரியாதையான பிள்ளை. மரியாதையாகவே வாதாடுவாள்.

“மாமி, கடையில ஒரு பெட்டி பிஸ்கட் வாங்குவமே? வாங்கினது சுட்டதாகாதுதானே.”

“வாங்கினது தட்டுமாகாது. ஆரும் கொண்டுவருவினம்.”

“ஆர் மாமி?”

நான் எழும்பிப் போய் முன்வாசலைக் கூட்டினேன்.

பேத்தி கிறிஸ்டீனுக்கு ஒன்பது வயது. தமிழ் விளங்கும், பதில் இங்கிலீசில் வரும். அப்பப்பா செத்தால் ஏன் பிஸ்கட் செய்யக்கூடாது, அப்பப்பாவுக்குப் பிஸ்கட் விருப்பம்தானே என்று கேட்டாள். கேள்வி கேட்க மட்டும் எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டில் நன்றாகப் படிக்கிறார்கள்.

நத்தார்க் கிழமை வந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் முன் அறைக் கதிரையில் இருந்து வாசலைப் பார்த்தேன். கடிதக்காரன் வந்தான். பால்காரன் வந்தான். நத்தார் பாட்டுப் பாடிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்கு நாங்கள்தான் கொடுத்தோம். தட்டு வரவில்லை.

பிறகு உப்புவெளிச் செல்வராணி டெலிபோன் எடுத்தாள். ஊரில் எங்கள் பந்தியில் கை நனைத்த பிள்ளை, இங்கே இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம்.

“அன்ரி, உங்களுக்கு இந்த வருசம் நத்தார் இல்லைதானே. அதுதான் நாங்கள் வந்து கரைச்சல் தரேல்லை.”

“ஓம் பிள்ளை.”

“எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொன்னனான், அன்ரியாக்கள் துக்கம் காக்கினம், ஒருத்தரும் போகாதேங்கோ எண்டு.”

“நல்ல காரியம் செய்தாய் பிள்ளை,” என்றேன்.

பாருங்கள், சாவு வீட்டில் கொண்டாட்டம் இல்லை என்ற பாதியை மறக்காமல் விமானத்தில் ஏற்றி வந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குத் தட்டுக் கொண்டுபோக வேண்டும் என்ற மற்றப் பாதி கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. பாரம் கூடிப்போச்சோ தெரியாது.

கொண்டுவா பிள்ளை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள். கேட்டு வாங்கினால் அது தட்டாகாது, பிச்சை. அதோடு, எனக்குத் தேவைப்பட்டது பலகாரம் அல்ல. இவர் இந்தத் தெருவில் ஐந்து வருடம் இருந்தார். யாருடைய தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் திருகு சாவியை எடுத்துக்கொண்டு போனார். புல்லு வெட்டுகிற மெசின் நின்றால் இவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த மனிதருக்காக ஒரு வாசற்படியில் ஒரு தட்டு ஏறாதா? ஏறாவிட்டால் இவர் இங்கே வாழவில்லை, வந்து போனார் என்றுதான் நான் எடுக்கவேண்டும்.

5

அப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பின்னேரத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பக்கத்து வீட்டு டொறத்தி ஒவ்வொரு நத்தாருக்கும் பிஸ்கட் சுடுவார். அந்த வாசம் வேலியால் வரும். இந்த வருடம் வரவில்லை. அவருடைய கணவர் ஜோர்ஜ் இலை கொட்டுகிற காலத்தில் போனவர். மெழுகுதிரியும் இல்லை, சோடனையும் இல்லை. அவருடைய வாசலிலும் யாரும் ஏறி நான் காணவில்லை.

எனக்குத் தட்டு வராதது ஊரின் குற்றம். டொறத்திக்குத் தட்டுப் போகாதது அடுத்த வளவுக்காரியின் குற்றம். அடுத்த வளவுக்காரி நான்.

ஆனால் என் குசினியில் மா பிசைய ஏலாது. அலுமாரிக்குள் சேலைக்கடியில் இருந்த அச்சுகளை எடுத்துத் துடைத்து, மாவும் சீனியும் பையில் போட்டுக்கொண்டு, றெஜினாவைக் கூப்பிட்டேன்.

“மாமி, அவவிட்ட என்னெண்டு சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லு. எங்கட வீட்டில சுட ஏலாது, அவவின்ர வீட்டில அவவுக்குச் சுட்டுத்தர வந்தனான் எண்டு.”

“விசரெண்டு நினைக்கப்போறா.”

“நினைக்கட்டும். விசரியள் சுட்டாலும் பிஸ்கட் வேகும்தானே.”

டொறத்தி கதவைத் திறந்தார். ஜோர்ஜின் கம்பளிச் சட்டையைக் கை மடித்துப் போட்டிருந்தார். றெஜினா கன நேரம் விளங்கப்படுத்தினாள். டொறத்தி என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு குசினி விளக்கைப் போட்டார்.

நான் பிசைந்தேன், உருட்டினேன், வெட்டினேன். அவர் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பூச்சு இழுக்கிற நேரம் எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். ஒரு நங்கூரம் கழுத்து உடைந்து வந்தது. உடைந்த இரண்டு துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டார்.

“மாமி, அப்ப உங்களுக்கு ஆர் சுடுறது எண்டு கேக்கிறா.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது எண்டு சொல்லு” என்றேன்.

றெஜினா சொன்னாள். ‘தெரியாது’ என்ற சொல் இங்கிலீசில் இவ்வளவு நீளமில்லை என்பது எனக்கும் தெரியும். நான் அடுத்த நட்சத்திரத்துக்குக் கோடு இழுத்தேன்.

6

அடுத்த நாள் காலை, மகன் வேலைக்குப் போன பிறகு, டொறத்தி ஏப்ரனும் உருளைக்கட்டையுமாக எங்கள் வாசலில் நின்றார். நான் வழி விட்டேன். வேறென்ன செய்வது, கட்டளையை நான்தான் விளங்கப்படுத்தி வைத்திருக்கிறேன்.

என் குசினி வாசலில் நான் கை கட்டி நின்றேன். பட்டரை உருக விட்டார். பொறுத்தேன். மாவை ரொட்டித் தடிப்பில் உருட்டினார். பொறுத்தேன். போறணையால் புகை வந்தது. “மாமி, நீங்கள் உள்ளுக்க போய்ச் செபம் செய்யுங்கோவன்” என்றாள் றெஜினா. நான் போகவில்லை. சுட்டு எடுத்தபோது அடி கறுத்து, நடு வெளிறி இருந்தது. நான் தின்ற பிஸ்கட்டுகளுக்குள் அதைவிட மோசமானது இல்லை. இரண்டு தின்றேன்.

பிறகு அவர் பூச்சுக் கரைத்தார். அவர்கள் வீட்டில் ஒரு பழக்கமாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிஸ்கட்டில் பெயர் எழுதி மேசையில் வைப்பார்களாம். கிறிஸ்டீனின் பெயரை எழுதினார். மகனுடையது, றெஜினாவினுடையது, என்னுடையது. பிறகு வேறொன்றை எடுத்து நடுவில் வைத்து, பூச்சுக் கடதாசிச் சுருளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். ஜோர்ஜும் அவரும் இவரை எப்போதும் ‘கப்டன்’ என்றுதான் கூப்பிட்டார்கள், துறைமுகத்தில் வேலை செய்தவர் என்பதால். பிஸ்கட்டில் அப்படி எழுத அவருக்கு மனம் வரவில்லை. உண்மைப் பெயர் என்ன என்று கேட்டார்.

கணவரின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு தரமும் இல்லை. றெஜினாவைப் பார்த்தேன். மாமனாரின் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? ஊரில் வளர்ந்த பிள்ளை அல்லவா, நிலத்தைப் பார்த்தாள். டொறத்தி, மேசையடியில் நின்ற கிறிஸ்டீனைக் கேட்டார்.

“அப்பப்பா,” என்றாள் கிறிஸ்டீன். அவளுக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

நான் டொறத்தியின் கையிலிருந்து சுருளை வாங்கினேன். எழுதுவது சொல்வதாகாது. இந்தக் கடதாசியிலும் அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். ஒரு பிஸ்கட்டில் கொள்ளவில்லை, இரண்டாவதிலும் போய் முடிந்தது. சவரிமுத்து.

டொறத்திக்குத் தமிழ் தெரியாது. கிறிஸ்டீனுக்கு எழுத்துத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த இரண்டு பேருக்கும் வாய் திறக்க ஏலாது, வாய் திறக்கக்கூடிய இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. நாலு பேரும் அந்த இரண்டு பிஸ்கட்டையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அடக்கத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“மாமி,” என்றாள் றெஜினா மெல்ல, “ஒரு எழுத்து மட்டும் பெயராகாதுதானே.”

“ஆகாது,” என்றேன்.

அவள் முதல் எழுத்தில் விரலை வைத்து, “ச” என்றாள்.

“ச,” என்றார் டொறத்தி.

“வ.”

“வ.”

அப்படியே கடைசி எழுத்துவரை போனார்கள். டொறத்தி கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். பிறகு, வேலிக்கு மேலால் ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில், முழுதாகச் சொன்னார்.

“சாவாரி மூட்டூ.”

அப்படிக் கூப்பிட்டிருந்தால் இவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். றெஜினாவும் நானும் இவர் வருகிற பின்கதவைத் திரும்பிப் பார்த்தோம்.